நானோ கம்பிப் பூச்சு எதிரொளிப்பைக் குறைக்கிறது, சரி. அந்த ஒளி எங்கே போகிறது?

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நெதர்லாந்தில் ஒரு குழு காலியம் பாஸ்பைடு என்ற குறைக்கடத்தியின் மேல் நானோ கம்பிகளை முளைக்கவைத்து, அதன் எதிரொளிப்பைக் குறைத்ததாகப் படித்திருக்கிறார். கம்பியும் அடியில் இருப்பதும் ஒரே பொருள். பளபளக்கும் பொருளின் மேல் அதே பொருளைக் கொண்டுபோய் நட்டால் பளபளப்பு எப்படிக் குறையும்? உண்மையிலேயே குறைகிறது என்றால் மூக்குக்கண்ணாடிக்கும் மொட்டைமாடி சோலார் பேனலுக்கும் அது ஏன் இன்னும் வரவில்லை? கம்பி நீளமாக நீளமாக நல்லதா?

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். திரும்பி வராத ஒளி எங்கே போய்ச் சேர்கிறது என்பது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாக விழுந்துவிடும். நான் 15 ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் பூச்சு வேலை பார்க்கிறேன். நீங்கள் படித்த காலியம் பாஸ்பைடு கம்பிகளை என் கையால் வளர்த்ததில்லை. அதைப் பற்றி எழுதுவது படித்தறிந்தது. சிலிக்கான் கம்பிகளைப் பற்றிச் சொல்வது கையைக் கறுப்பாக்கிக்கொண்டு கற்றது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அதைப் பொருளின் குணம் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; காற்றினுடையது 1, சாதாரணக் கண்ணாடியினுடையது ஏறத்தாழ 1.5. ஒளி 1-இலிருந்து 1.5-க்கு ஒரே எட்டில் தாவ வேண்டியிருப்பதால் ஒரு பங்கு தாவ முடியாமல் திரும்பிவிடுகிறது. நேராக விழும் ஒளிக்கு இந்தப் பங்கு ஒரு முகத்துக்கு 4 சதவீதம்; கண்ணாடிக்கு இரண்டு முகம் என்பதால் 8. சிலிக்கானின் எண் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 4-ஐ ஒட்டி இருக்கிறது. தாவல் பெரியது, திரும்புவதும் அதிகம்: மெருகேற்றிய சிலிக்கான் வில்லை (லென்ஸ் இல்லை, மெல்லிய தட்டையான தகடு) தன் மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். காலியம் பாஸ்பைடு கிட்டத்தட்ட 30 சதவீதம். ஆக, ஒளி திரும்புவதற்குக் காரணம் அந்தத் திடீர் தாவல். அதே பொருளை வைத்துக்கொண்டே தாவலை மட்டும் எடுத்துவிட முடிந்தால் பளபளப்பும் போய்விடும்.

துறைமுகச் சுவரில் மோதும் அலையைப் பார்த்திருப்பீர்கள், மோதிய வேகத்தில் திரும்பும். அதே அலை சரிவான மணற்கரையில் ஏறினால் திரும்பி வருவது கொஞ்சம்தான். சுவரை இடித்துவிட்டுச் சரிவு போடுவதுதான் நானோ கம்பி செய்யும் வேலை. இந்த உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரிவு போடத் தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மூக்குக்கண்ணாடியில் இருப்பது இன்றைக்கும் அந்தப் பழைய வித்தையின் வம்சம்தான். 1880களில் இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு ஒரு வினோதத்தைக் கவனித்தார்: பழையதாகி மேற்பரப்பு மங்கிப்போன கண்ணாடி, புதுக் கண்ணாடியைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பியது. 1890களில் இங்கிலாந்தின் யார்க் நகரில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த டென்னிஸ் டெய்லரும் இதையே கண்டார். காற்றுபட்டு மங்கிய பழைய லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விட்டது. அதற்கு அப்புறம் 1930களில் ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் மெல்லிய படலம் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1938-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட் மூலக்கூறு அடுக்கு அடுக்காகப் பூசி எதிரொளிக்காத கண்ணாடி காட்டினார். தத்துவம் ஒன்றே. படலத்துக்குள் ஒளியின் அலைநீளம் எவ்வளவோ (வெளியே உள்ளதைப் படலத்தின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தது) அதில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு படலம். படலத்தின் மேல்முகத்தில் திரும்பும் அலையும் கீழ்முகத்தில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

இதற்கு உகந்த பொருளின் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு 1.22 இருக்க வேண்டும். அப்படி ஒரு கெட்டியான, நீடித்து நிற்கிற பொருள் கிடையாது. அருகில் இருப்பது 1.38 கொண்ட மெக்னீசியம் புளோரைடு. 550 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால் 100 நானோமீட்டர் தடிமன். 4 சதவீதம் 1.4 ஆகக் குறையும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கணக்கு பச்சைக்குப் போட்டது, அதனால் ஊதாவும் சிவப்பும் கொஞ்சம் தப்பித்துத் திரும்பும். ஒற்றைப் படலம் போட்ட பழைய கேமரா லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதா நிறம் அதுதான். மூக்குக்கண்ணாடியில் இப்போது பல படலங்களை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். தப்பிக்கும் மிச்சம் பெரும்பாலும் பச்சையாகத் தெரியும். எத்தனை படலம் போட்டாலும் ஒளி சாய்வாக விழுந்தால் கணக்கு குலையும், ஏனென்றால் படலத்துக்குள் ஒளி கடக்கும் பாதை மாறிவிடுகிறது.

இப்போது கம்பிக்கு வருவோம். பேருந்தில் போகும்போது தூரத்து நெல்வயல் ஒரே பச்சைப் பாயாகத் தெரியும். தாள் தாளாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒளிக்கும் அப்படி ஒரு கண்பார்வைக் குறைபாடு உண்டு. அதன் அளவுகோல் அலைநீளம், அதாவது 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட நெருக்கமாக நிற்கும் கம்பிகளை அது தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கம்பியும் இடையில் உள்ள காற்றும் கலந்த ஒரு புதுப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கம்பி, மீதி காற்று என்றால் அந்தக் கலவையின் ஒளிவிலகல் எண் 1-ஐ ஒட்டிவிடும். கம்பி அடர அடர எண் ஏறும். எங்கும் கிடைக்காத 1.22 இப்படி வேண்டிய இடத்தில் உருவாகிவிடுகிறது. இதைவிட முக்கியமானது, உச்சியில் மெலிந்தும் அடியில் தடித்தும் கம்பி இருந்தால் எண் மேலிருந்து கீழே படிப்படியாக ஏறும். தாவல் இல்லை, சரிவுதான். சரிவுக்குக் குறிப்பிட்ட நிறம் என்று ஒன்று கிடையாது, சாய்வாக வந்தாலும் பெரிதாகக் கவலைப்படாது. பழைய படலத்தின் இரண்டு குறையும் ஒரே அடியில் தீர்ந்தன.

நீங்கள் படித்த வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: சில்கே டீடன்ஹோஃபன், ஹைமே கோமெஸ் ரிவாஸ், எரிக் பக்கர்ஸ் உள்ளிட்டோர் 2009-இல் அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் இதழில் வெளியிட்ட காலியம் பாஸ்பைடு நானோ தண்டுகள். எல்லாக் கம்பியையும் ஒரே உயரத்துக்கு வளர்த்தால் காற்றிலிருந்து கம்பிக்காட்டுக்கு ஒரு சின்னத் தாவல் மிச்சம் இருக்கும். கூம்பாக வளர்த்தாலோ, உயரத்தை ஏற்ற இறக்கமாக விட்டாலோ அதுவும் கரைந்துவிடும். இந்த ஒழுங்கின்மை உதவும் என்பதை இயற்கையும் காட்டியிருக்கிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சியின் கண்மேல் 200 நானோமீட்டர் அளவில் நுண்மேடுகள் அடுக்கடுக்காக இருப்பதை சுவீடனின் பெர்னார்டு 1962-இல் எடுத்துச் சொன்னார். அந்த மேடுகள் ஒழுங்கானவை. ஆனால் மத்திய அமெரிக்காவின் கண்ணாடிச் சிறகு வண்ணத்துப்பூச்சியில் நுண்தூண்கள் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் தாறுமாறாக நிற்கின்றன. 80 பாகை சாய்வில் பார்த்தாலும் அந்தச் சிறகு 5 சதவீதம் அளவில்தான் எதிரொளிக்கிறது என்று 2015-இல் ஜெர்மானியக் குழு ஒன்று அளந்தது. அதே சாய்வில் வெறும் கண்ணாடி ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திருப்பிவிடும்.

என் பக்கக் கதைக்கு வருகிறேன். சிலிக்கானில் கம்பி உண்டாக்க வளர்க்க வேண்டியதில்லை, அரித்தால் போதும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் வெள்ளி நைட்ரேட் கலந்த கரைசலில் வில்லையை இறக்குவோம். பாத்திரம் பிளாஸ்டிக், இடுக்கி டெஃப்லான், ஏனென்றால் அந்த அமிலம் கண்ணாடியையே தின்றுவிடும். (வீட்டிலோ கல்லூரி அறையிலோ தயவுசெய்து முயலாதீர்கள். தோலில் பட்டால் வலி தெரியாமலே உள்ளே இறங்கி எலும்பின் கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நாங்கள் மூடியைத் திறப்பதில்லை.) இறக்கிய சில நொடிகளில் கண்ணாடிபோல் மின்னிய வில்லைமேல் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளி படியும். வெள்ளித் துகள் ஒவ்வொன்றும் தான் உட்கார்ந்த இடத்தில் சிலிக்கானைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்கும். துகள் படாத இடம் கம்பியாக நிற்கும். பிறகு நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கழுவிவிட்டு எடுத்தால், உள்ளே இறக்கிய வில்லைதானா என்று சந்தேகம் வரும். கரிச்சட்டியின் அடிபோல் கறுப்பு. டியூப் லைட்டைக் காட்டினால் அதன் பிம்பம்கூடத் தெரியாது. அதன்மேல் கைவிரலால், கையுறையோடுதான், ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இழுத்த இடத்தில் பழுப்பாக ஒரு தடம் விழும், அங்கே மறுபடி பளபளப்பு எட்டிப் பார்க்கும். அத்தனை கம்பியும் படுத்துவிட்டன, அல்லது ஒடிந்துவிட்டன. உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தத் தடத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கறுத்த வில்லையை ஒளி அளக்கும் கருவியில் வைத்தேன். எதிரொளிப்பு அரை சதவீதத்துக்கும் கீழே காட்டியது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. பிறகு மூத்தவர் ஒருவர் வந்து, கண்டறியும் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் அளந்தது கண்ணாடியில் படும் ஒளிபோல் ஒரே திசையில் திரும்பும் ஒளியை மட்டும். கம்பிகள் ஈரம் உலரும்போது, தலைக்குக் குளித்த முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்வதுபோல், நுனிகள் சேர்ந்து பெரிய பெரிய கற்றைகளாகியிருந்தன. கற்றைகள் அலைநீளத்தைவிடப் பெரியவை. அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்தன. உள்ளே வெள்ளை பூசிய கோளம் ஒன்றுக்குள் வில்லையை வைத்து, எந்தத் திசையில் போனாலும் பிடித்து அளந்தபோது எண் பல மடங்கு ஏறியது. வேலை வீணில்லை, மெருகேற்றிய சிலிக்கானைவிட அப்போதும் மிகக் குறைவுதான். ஆனால் எதிரொளிப்பு இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால், எப்படி அளந்தீர்கள் என்று முதலில் கேட்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

இப்போது அந்த உவமையின் ஓட்டை. மணற்கரையில் ஏறும் அலை திரும்பாததற்குக் காரணம் அது அங்கேயே செத்துவிடுவது. கரைக்கு அந்தப் பக்கம் அது போவதில்லை. நானோ கம்பிக்காட்டில் ஒளிக்கு மூன்று வழி இருக்கிறது. அடியில் இருக்கும் பொருளுக்குள் இறங்கலாம். கம்பிக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுச் சூடாகலாம். இல்லாவிட்டால் என் கற்றைகளில் நடந்ததுபோல் வேறு திசையில் சிதறலாம். மூன்றிலும் எதிரே நிற்கும் உங்கள் கண்ணுக்குப் பளபளப்பு போனதாகத்தான் தெரியும். எதிரொளிப்பை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்லவே முடியாது. நெதர்லாந்து வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான்: எதிரொளிப்பு குறைந்ததோடு நிற்காமல், பொருளுக்குள் இறங்கிய ஒளி கூடியதையும் காட்டினார்கள். காலியம் பாஸ்பைடு சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் ஒளி ஊடுருவக்கூடியது. ஆரஞ்சு நிறக் கண்ணாடிபோல் இருக்கும். அதனால் மறுபக்கம் வெளிவருவதை அளக்க முடிந்தது. ஒளி உள்ளே போனதற்கு அது சாட்சி.

ஒளி செத்தால் போதும் என்கிற வேலையும் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் ரென்சிலர் பாலிடெக்னிக்கில் புலிக்கல் அஜயன் உள்ளிட்டோர் செங்குத்தாக நின்ற கார்பன் நானோ குழாய்க் காட்டில் 0.045 சதவீத எதிரொளிப்பை அளந்தார்கள். 2014-இல் வந்த வான்டாபிளாக் என்ற நானோ குழாய்ப் பூச்சு 99.965 சதவீதத்தை விழுங்குவதாக அறிவிக்கப்பட்டது. தொலைநோக்கியின் உட்சுவரில் தேவையற்ற ஒளி எகிறி வராமல் தடுக்க இது அருமையான பொருள். இதையே சோலார் பேனல் கண்ணாடிமேல் பூசினால் உள்ளே இருள்தான் இருக்கும். செய்திகளில் இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து எழுதுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். எதிரொளிப்பு குறைவு என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு எதிரெதிர் நோக்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

சோலார் செல்லில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. ஒளி உள்ளே இறங்கி மின்னூட்டமாக மாறிவிட்டாலும் அந்த மின்னூட்டம் வெளியே மின்கம்பிவழியாக வந்து சேர வேண்டும். சிலிக்கானின் மேற்பரப்பு என்பது படிகம் சட்டென்று முடிந்துபோன இடம். அறுந்த பிணைப்புகள் நிறைய இருக்கும். மின்னூட்டங்கள் அங்கே மாட்டிச் சாகும். தட்டையான பரப்பை நானோ கம்பிக்காடாக்கினால் மேற்பரப்பு பல மடங்கு பெருகுகிறது, சாகும் இடமும் அதே அளவு பெருகுகிறது. கறுப்பு சிலிக்கான் செல்கள் பல ஆண்டுகள் பார்க்கக் கறுப்பாகவும் மின்சாரத்தில் ஏமாற்றமாகவும் இருந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். குறிப்பாக நீல ஒளியில் கிடைக்க வேண்டியது கிடைக்காது, ஏனென்றால் நீலம் மேற்பரப்பை ஒட்டியே உறிஞ்சப்படுகிறது. 2012-இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் வேறு எதிரொளிப்புத் தடுப்புப் படலம் எதுவும் இல்லாமல் கறுப்பு சிலிக்கானில் 18.2 சதவீதத் திறன் எடுத்தது. 2015-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து ஹெலே சாவின் குழு, நுண்மேடுகளின் எல்லா இடுக்கிலும் அலுமினியம் ஆக்சைடை அணு அடுக்கு அடுக்காகப் படியவைத்து, மின்முனைகளையும் பின்பக்கம் கொண்டுபோய் 22.1 சதவீதம் காட்டியது. மேற்பரப்பை எப்படிச் சாந்தப்படுத்துவது என்பதுதான் அங்கே ஜெயித்தது. கறுப்பாக்குவது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு பக்கம், கம்பியைப் பூச்சாக வைக்காமல் கம்பியையே செல்லாக்கும் பாதையும் இருக்கிறது. 2013-இல் சுவீடனின் லுண்ட் குழு இண்டியம் பாஸ்பைடு கம்பிகளில் 13.8 சதவீதத் திறன் எடுத்தது. கம்பிகள் மூடியிருந்த பரப்பு வெறும் 12 சதவீதம். பக்கத்தில் விழும் ஒளியையும் கம்பி இழுத்துக்கொள்கிறது. அழகான இயற்பியல். ஆனால் உங்கள் கேள்வி பூச்சைப் பற்றியது, அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

சரி, மொட்டைமாடி பேனலுக்கு ஏன் வரவில்லை? போட்டியில் நிற்பது யார் என்று பாருங்கள். தொழிற்சாலையில் சிலிக்கான் வில்லையைக் காரக் கரைசலில் முக்கினால் தானாகவே நுண் பிரமிடுகள் உருவாகும். ஒரு பிரமிடில் பட்டுத் திரும்பும் ஒளி பக்கத்துப் பிரமிடில் மோதி இரண்டாம் வாய்ப்புப் பெறும். மூன்றில் ஒரு பங்காக இருந்த இழப்பு பத்து சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். அதன்மேல் 75 முதல் 80 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு. செல்லின் கருநீல நிறத்துக்கு அதுதான் காரணம். அதோடு இழப்பு இரண்டு மூன்று சதவீதத்துக்குப் போய்விடுகிறது. அந்த நைட்ரைடு கூடவே மேற்பரப்பையும் சாந்தப்படுத்துகிறது. ஒரே செலவில் இரண்டு வேலை. நானோ கம்பி வந்து மீட்டெடுக்கக்கூடியது மிஞ்சியிருக்கும் அந்த இரண்டு மூன்றில் ஒரு பகுதியைத்தான். பல்படிக சிலிக்கானில் மட்டும் காரக் கரைசல் சரியாகப் பிரமிடு போடாது என்பதால், சில ஆண்டுகளுக்கு முன் உலோகத் துகள்கொண்டு அரிக்கும் கறுப்பு சிலிக்கான் முறை தொழிற்சாலைகளுக்குள்ளேயே நுழைந்தது. அதற்குள் சந்தை ஒற்றைப்படிகத்துக்கு மாறிவிட்டது, காரணமும் கூடவே போய்விட்டது. அரிக்கும் தொட்டிகளை வாங்கிப்போட்டவர்கள் பாடு திண்டாட்டம்.

பேனலின் மேல் கண்ணாடியில் காற்றைத் தொடுவது ஒரு முகம்தான். உட்பக்கம் ஒட்டுப்படலம் இருக்கிறது, அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியை ஒட்டியது, அங்கே தாவல் இல்லை. ஆக நேர் ஒளிக்கு இழப்பு 4 சதவீதம். இன்று வரும் பேனல்களில் பெரும்பாலானவற்றில் நுண்துளைகள் கொண்ட சிலிக்கா பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. சிலிக்காவில் துளை போட்டால் காற்று கலந்து எண் 1.22 பக்கம் இறங்குகிறது. கம்பி செய்யும் அதே கலவை வித்தைதான், ஆனால் திரவமாகப் பூசி உலையில் சுட்டுவிடலாம். உங்கள் வாசலுக்கு யாராவது ஒரு குப்பியோடு வந்து, இந்த நானோ பூச்சைத் தெளித்தால் 15 சதவீதம் மின்சாரம் கூடும் என்றால், எதிரொளிப்பைக் குறைத்து அது நடக்க வழியே இல்லை என்பதை இந்தக் கணக்கு ஒன்றே சொல்லும். இருப்பதே 4, காலை மாலைச் சாய்வொளியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். தெளிப்பதற்கு முன் பேனலைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறாரா என்று கவனியுங்கள். கூடும் மின்சாரத்தில் பெரும்பங்கு அந்தத் துணியினுடையதாக இருக்கும்.

கம்பிக்கு உண்மையான ஆதாயம் இருக்கக்கூடிய இடம் சாய்வொளி. 60 பாகையில் வெறும் கண்ணாடி 9 சதவீதம் இழக்கிறது, 75 பாகையில் 25. கட்டடச் சுவரில் செங்குத்தாக மாட்டும் பேனல், சூரியன் தாழ்ந்தே நிற்கும் வடக்கு நாடுகள், நாள் முழுதும் ஒளியின் கோணம் மாறிக்கொண்டே இருக்கும் இடங்கள் ஆகியவற்றில் சரிவான பூச்சு தட்டைப் படலத்தை வெல்லும். இது கணக்கிலும் அளவீட்டிலும் உறுதியானது. உறுதியாகாதது ஆயுள். பேனல் 25 ஆண்டு வெயிலிலும் மணலிலும் மழையிலும் நிற்க வேண்டும். நுண் கம்பிகள் தூசியைப் பிடித்துவைக்குமா, தாமரை இலைபோல் நீரோடு உதறிவிடுமா என்பதில் இரண்டு பக்கமும் ஆதாரம் காட்டுகிறார்கள். என் அனுபவம் தூசி பிடிக்கும் பக்கம் சாய்கிறது; ஆனால் நான் பார்த்தவை ஆய்வகத்துச் சின்னத் துண்டுகள், அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

மூக்குக்கண்ணாடியில் தூசியைவிட விரல்தான் எதிரி. முகத்து எண்ணெய் கம்பிகளுக்கு இடையே இறங்கினால் காற்று இருந்த இடம் எண்ணெயாகிவிடும். எண்ணெயின் எண் கண்ணாடியை ஒட்டியது, சரிவு மறைந்து சுவர் திரும்பிவிடும். சட்டை நுனியில் துடைத்தால் கம்பி படுத்துவிடும். இந்த வித்தை கைபடாத இடத்தில் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. கேனன் நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய 24 மில்லிமீட்டர் லென்ஸில், வளைவு அதிகமான ஒரு கண்ணாடியின் மேல் அலைநீளத்தைவிடச் சிறிய ஆப்பு வடிவங்களைப் பூசியது. அந்தப் பரப்பு லென்ஸ் குழலுக்கு உள்ளே இருக்கிறது. வளைவு அதிகம் என்பதால் ஒளி சாய்ந்தே விழும். சரிவுப் பூச்சு தேவைப்படுவதும் அங்கேதான், யாரும் துடைக்காததும் அங்கேதான்.

கடைசியாக, நீளம். ஒளி உள்ளே இறங்குவதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால், நீளத்துக்கு நீங்கள் கையாளும் மிக நீண்ட அலைநீளத்தில் பாதி என்று ஆரம்பியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு 350 நானோமீட்டர். சிலிக்கான் செல்லுக்கு 1100 வரை போக வேண்டும் என்பதால் 550-ஐ ஒட்டி. அதைவிடக் குட்டையானால் ஒளிக்குச் சரிவு தெரியாது, படியாகத்தான் தெரியும். அதைவிட நீளமாக்கினால் எதிரொளிப்பில் கிடைக்கும் லாபம் வேகமாகத் தேய்ந்துவிடும். மேற்பரப்பும், உலரும்போது ஒட்டிக்கொள்ளும் தொல்லையும், ஒடிவதும்தான் வளரும். இடைவெளி, அலைநீளத்தை அடிப்பொருளின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்துவருவதற்குக் கீழே இருக்கட்டும்: கண்ணாடிக்கு 400-ஐ 1.5-ஆல் வகுத்தால் 270-க்குள். அந்துப்பூச்சி 200-இல் நிறுத்தியிருக்கிறது. நான் ஆரம்பத்தில் அரை மணி நேரம் அரித்து, பல மைக்ரோமீட்டர் நீளத்தில் பெருமையாக நிறுத்திய கம்பிகளில் முக்கால்வாசி, ஒட்டிக்கொண்டு சிதறடித்தவைதான். இப்போதெல்லாம் ஓரிரு நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுகிறேன்.